எஞ்சின் மாற்றிய ஜிப்சியும் ஏற்றத்தில் செத்துப்போகும் ஆக்சிலேட்டரும்

என்னுடைய மாருதி ஜிப்சியில் பழைய கார்புரேட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, விபத்தில் அடிபட்ட ஒரு காரிலிருந்து எடுத்த பெட்ரோல் எஞ்சினை ஏற்றியிருக்கிறது. இந்த எஞ்சினுக்கு ஆக்சிலேட்டர் கேபிள் கிடையாது. பெடலில் இருக்கிற சென்சார், எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூவுக்குத் தகவல் சொல்லும், ஈசியூ ஒரு சின்ன மோட்டாரை வைத்து த்ராட்டிலை, அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் இருக்கும் தட்டைத் திறக்கும். கம்பம், கூடலூர் சமவெளியில் எவ்வளவு ஓட்டினாலும் வண்டி சொக்கத்தங்கம். லோயர் கேம்ப் தாண்டி குமுளி ஏற்றத்தில், பவர் ஹவுஸ் குழாய்களைக் கடந்து வளைவுகள் இறுகுகிற இடத்தில்தான் வேலையைக் காட்டும். பெடலை மிதித்தால் ஒன்றுமே இருக்காது. செக் லைட் எரியும், எஞ்சின் 1300 சுற்றை ஒட்டி நின்று உறுமிக்கொண்டிருக்கும். ஓரங்கட்டிச் சாவியை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். பின்னால் கேரளா பஸ் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும்போது இப்படி ஆனால் வயிறு கலங்கிவிடும். வந்து வந்து போகிற கோளாறு என்பதால் பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே வராது. "வண்டி நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்பதுதான் செலவைவிடக் கடுப்பு.

அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. சென்சார்கள் சொல்வது ஒத்துப்போகவில்லை என்றால் ஈசியூ த்ராட்டில் மோட்டாருக்குப் போகும் கரண்டை வெட்டிவிடும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தட்டைக் கொஞ்சமாகத் திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வண்டி அணையாமல் சற்று உயர்ந்த ஐடிலில் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) நிற்கிறது. முழுக்கத் திறந்து வண்டி பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது, அந்த அளவில் நல்லதுதான். அந்த ஐடிலை வைத்தே முதல் கியரில் க்ளட்சை மெதுவாக விட்டு ஓரத்துக்கு ஊர்ந்துவிடலாம். ஏற்றம் கடுமையாக இருந்தால் நிறுத்தி, நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் ஃபோர் லோவில் போட்டால் ஐடிலே வண்டியை இழுத்துவிடும். ஆனால் தார் ரோட்டில் ஃபோர் லோவில் வளைக்காதீர்கள், முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கும். முன் ஹப்பை ஃப்ரீயில் விடும் வசதி இருந்தால் அந்தக் கவலை இல்லை. வளைவின் நடுவில் சாவியை அணைத்து அணைத்துப் போடுவது மட்டும் வேண்டாம். எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டரில் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும்.

ஈசியூ பதிந்து வைத்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை முதல் தடவை போட்டபோது வந்த கோட் பி2135. த்ராட்டிலுக்குள் இருக்கும் இரண்டு பொசிஷன் சென்சார்களும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று அர்த்தம். த்ராட்டில் பாடி போய்விட்டது என்று தீர்ப்பாகிவிட்டது. செகண்ட் ஹேண்ட் த்ராட்டில் பாடி ஒன்பதாயிரம், கழற்றி மாட்ட, ஐடில் லேர்னிங் (த்ராட்டிலின் ஐடில் நிலையை ஈசியூவுக்குப் பழக்குவது) செய்ய இன்னொரு ஆயிரத்து ஐந்நூறு. அந்த வாரம் முழுக்க மலையில் மழையும் குளிருமாக இருந்தது, கோளாறு வரவில்லை. வெயில் அடித்ததும் திரும்ப வந்தது, இந்த முறை பி2138. இது பெடல் சென்சார்கள் இரண்டும் முரண்படுவது. பெடல் அசெம்ப்ளிக்கு நாலாயிரம் போனது. பிறகு இரண்டு கோட்களும் மாறி மாறி வந்தன. மலையிலிருந்து ரெக்கவரி வண்டியில் இறக்கிய கூலியும், ஏலக்காய்த் தோட்டத்து ஓட்டங்கள் கைவிட்டுப் போனதும் தனிக்கணக்கு. இதற்குப் பிறகும் யாராவது "ஈசியூவை மாத்திப் பாப்போம்" என்றால் அந்த இடத்தை விட்டு வண்டியை எடுத்துவிடுவது நல்லது.

கோட் என்பது ஈசியூ பார்த்த வோல்டேஜைப் பற்றிய புகார். எந்த சாமான் கெட்டது என்று அது சொல்வதில்லை. கம்பெனி வயரிங் அப்படியே இருக்கும் காரில் பி2135 வந்தால் த்ராட்டில் பாடியைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. எஞ்சின் மாற்றிய வண்டியில் த்ராட்டிலுக்கும் ஈசியூவுக்கும் நடுவில் யாரோ கையால் வெட்டி நீட்டி முடிச்சுப் போட்ட வயர்கள் இருக்கின்றன. முதல் சந்தேகம் அந்த முடிச்சுகள் மேல்தான் போக வேண்டும். அடுத்து, பானெட்டுக்குள் இருக்கும் த்ராட்டிலும் கேபினுக்குள் இருக்கும் பெடலும் ஒரே காலத்தில் கெட்டுப்போவது நடக்கிற காரியமா? இரண்டும் மாறி மாறிக் குற்றம் சாட்டப்பட்டால், இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஈசியூவுக்கு வரும் 12 வோல்ட், ஈசியூவின் எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட், சென்சார்களின் எர்த். அவ்வளவுதான் பட்டியல்.

இன்னொன்று, கோட் பதிவை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுத்து வையுங்கள். கோளாறு நடந்த நொடியில் எஞ்சின் சுற்று, வேகம், தண்ணீர் சூடு எவ்வளவு என்று ஈசியூ பதிந்து வைத்திருக்கும், சிலவற்றில் பேட்டரி வோல்டேஜும் இருக்கும். கோட் பதிவை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பட்டறைகளில் ஸ்கேனரை மாட்டியதும் முதலில் அழுத்துவது அழிக்கிற பட்டனைத்தான். நானே ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் வாங்கி மொபைலில் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் ஒழுங்கு பிடிபட்டது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் சூடு ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும் அளவை ஒட்டி இருந்தது. பெரும்பாலும் ஹெட்லைட் எரிகிற நேரம். சமவெளியில் காற்று அடிப்பதால் ஃபேன் அதிகம் ஓடாது, முதல் கியர் ஏற்றத்தில் ஓடும். மழைக் குளிரில் வராமல் போனதற்கும் அதுதான் காரணம். அந்த அடாப்டரை நம்பி ஒரு தவறான முடிவுக்கும் போகாதீர்கள்: மலிவான அடாப்டர் நொடிக்குச் சில தடவைதான் மதிப்பைப் படிக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் வந்துபோகும் துண்டிப்பு அதில் தெரியாது. கிராஃப் சுத்தமாக இருக்கிறது என்பதால் சென்சார் வயர் சுத்தம் என்று ஆகிவிடாது. மல்டிமீட்டரில் மின்-மேக்ஸ் பட்டன் (மிகக் குறைந்த, மிக அதிக மதிப்பைப் பிடித்து வைப்பது) இருந்தால் அது இதைவிட உபயோகம். வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் இரண்டு சேனல் கையடக்க ஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி அளப்பது. ஓம் மீட்டரை ஒதுக்கி வையுங்கள். பத்துப் பதினைந்து இழை உள்ள வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் சுழியம் காட்டும், லோடு ஏறியதும், அதாவது நிறைய கரண்ட் ஓடத் தொடங்கியதும் அது கைவிடும். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் ஈயத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்பின் மேல் வேண்டாம், கிளாம்பே கோளாறாக இருக்கலாம். சிவப்பு முனையை எஞ்சின் பிளாக், ஈசியூ எர்த் போல்ட், பாடித் தகரம், சேசிஸ் என்று ஒவ்வொன்றாக வையுங்கள். எஞ்சின் ஓடும்போது ஈசியூ எர்த்தில் 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி, 0.1 தாண்டினால் தேட வேண்டும். பிறகு ஹெட்லைட், வைப்பர், ஃபேன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். ஃபேன் ஓடக் காத்திருக்க வேண்டாம், ஃபேன் ரிலேயைப் பிடுங்கிவிட்டு சாக்கெட்டில் 30, 87 இரண்டையும் தடித்த வயரால் இணைத்தால் ஓடும். என் வண்டியில் எஞ்சின் பிளாக்கில் எல்லா லோடும் போட்டும் 0.03 தான். பாடித் தகரத்தில் லோடு இல்லாமல் 0.05, ஹெட்லைட் போட்டதும் 0.3, ஃபேனும் சேர்ந்ததும் 0.6.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஜிப்சி, பழைய ஜீப் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும். இந்த வண்டிகளில் பாடி தனி, சேசிஸ் தனி, நடுவில் ரப்பர் புஷ். எஞ்சினும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆக எஞ்சின், சேசிஸ், பாடி மூன்றும் மின்சாரத்துக்கு மூன்று தனித் தீவுகள், எர்த் பட்டைதான் பாலம். எஞ்சினை இறக்கும்போது பழைய பட்டையைக் கழற்றுவார்கள், ஏற்றும்போது பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு மட்டும் தடியாக ஒன்று கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள், ஏனென்றால் ஸ்டார்ட்டர் அதில் சுற்றிவிடும். பாடிக்குப் பழைய மெல்லிய வயர் ஒன்று, அதுவும் புதுப் பெயிண்ட் மேல். என் வண்டியில் ஃபென்டர் ஓரத்துப் போல்ட்டைக் கழற்றியபோது வளையத்துக்கு அடியில் பெயிண்ட் அப்படியே பளபளவென்று இருந்தது, போல்ட்டின் மரை வழியாக மட்டும் இருபத்தைந்து ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வயரின் முனையில் பச்சைக் களிம்பு.

ஆனால் பாடி எர்த் மோசமாக இருந்தால் லைட் மங்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றும், த்ராட்டில் ஏன் குழம்ப வேண்டும்? ஈசியூவின் எர்த் எஞ்சினில் நன்றாகத்தானே இருக்கிறது? டாஷ்போர்டுக்கு அடியில் இன்சுலேஷன் டேப்பை உரித்தபோதுதான் விடை கிடைத்தது. பெடலிலிருந்து ஆறு வயர் வரும்: இரண்டு 5 வோல்ட், இரண்டு சிக்னல், இரண்டு எர்த். த்ராட்டில் பாடியிலிருந்தும் ஆறு: மோட்டாருக்கு இரண்டு, 5 வோல்ட் ஒன்று, எர்த் ஒன்று, சிக்னல் இரண்டு. வயரை நீட்டியவர் சென்சார் எர்த்துகளை ஈசியூ பின்னுக்குக் கொண்டுபோகாமல், எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் முறுக்கி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுத் தகரமான ஃபயர்வாலின் போல்ட்டில் கடித்துவிட்டிருக்கிறார். கேட்டதற்கு, "எர்த்து எர்த்துதானண்ணே, எங்க குடுத்தா என்ன" என்றார். ஹெட்லைட்டுக்கு அது சரி. சென்சார் எர்த் ஈசியூவுக்குள் இருக்கும் தனிப் புள்ளிக்குத் திரும்ப வேண்டியது, வழியில் வேறு எதன் கரண்டும் அதில் ஓடக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சில பெடல்களில் முதல் சென்சார் கால் வைக்காதபோது 0.75 வோல்ட், இரண்டாவது அதில் சரிபாதி, 0.375. ஈசியூ எப்போதும் முதலாவதைப் பாதியாக்கி இரண்டாவதோடு ஒப்பிடும். இப்போது பாடி எர்த் 0.6 வோல்ட் தூக்கிக்கொண்டது. சென்சாருக்குக் கிடைப்பது 4.4 வோல்ட்தான், அதன் மேல் 0.6 சேரும். முதலாவது 1.26 ஆகும், இரண்டாவது 0.93. 1.26-இல் பாதி 0.63, வந்திருப்பதோ 0.93. 0.3 வோல்ட் இடைவெளி, பி2138. த்ராட்டிலில் பல எஞ்சின்களில் ஒரு சென்சார் ஏறும்போது மற்றது இறங்கும், கூட்டினால் எப்போதும் 5 வோல்ட் வர வேண்டும். எர்த் தூக்கினால் கூட்டுத்தொகை ஐந்தைத் தாண்டும், பி2135. சென்சார் எதுவும் பொய் சொல்லவில்லை. எது முதலில் எல்லையைத் தாண்டுகிறதோ அதன் கோட் பதிவாகும், உடனே லிம்ப், முதலில் சொன்ன அந்த உயர்ந்த ஐடில் நிலை. சாவியை அணைக்கும் வரை ஈசியூ அதிலிருந்து வெளியே வராது. அணைத்தால் ஃபேனும் அணைகிறது, பாடி 0.6-இலிருந்து இறங்கிவிடுகிறது, திரும்பப் போட்டால் எல்லாம் சரி. பட்டறையில் பகலில் ஹெட்லைட் போடாமல் நிற்கும் வண்டியில் இது எப்படி வரும்?

சரிசெய்தது இப்படி. ஈசியூவின் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரை வைத்து அதற்கான பின்அவுட்டை, அதாவது எந்தப் பின்னில் எந்த வயர் என்று காட்டும் படத்தைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அதே காரின் வேறு வருட மாடலின் படம் உதவாது, பின் மாறியிருக்கும். சென்சார் எர்த்துகள் ஒவ்வொன்றையும் அதனதன் ஈசியூ பின்னுக்கே தனி வயரில் கொண்டுபோனேன், பெடலின் இரண்டையும் ஒன்றாக இணைக்காமல். முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு எஞ்சின் சூட்டில் தாங்காது, பசை உருகி டேப் கழன்றுவிடும். சரியான கிரிம்ப் டூலால் நசுக்கி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சுருக்குவதே நிற்கும். ஈயம் பற்றவைத்தால், பற்றவைத்த இடம் முடிகிற ஓரத்தில் வயர் விறைத்து அதிர்வில் ஒடியும், அதனால் இருபுறமும் கட்டி ஆடாமல் வைக்க வேண்டும். எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் குவியாமல் இரண்டிரண்டு அங்குலம் தள்ளித் தள்ளிப் போடுங்கள். எர்த்துக்கு பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு 25 சதுர மில்லிமீட்டர் கேபிள், எஞ்சினிலிருந்து பாடிக்கு 10, பாடியிலிருந்து சேசிஸுக்கு இன்னொரு 10. வளையம் உட்காரும் இடத்தில் உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகரம் தெரியும் வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவ வேண்டும். கேபிள், முனை, ஸ்லீவ் எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆனது. முன்னால் போட்ட பதினாலாயிரத்து ஐந்நூறை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். திரும்ப அளந்தபோது எல்லா லோடிலும் பாடியில் 0.04.

உங்கள் வண்டியில் எர்த் நன்றாக இருந்தும் கோளாறு வருகிறதென்றால் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. த்ராட்டில் மோட்டாருக்குப் பல எஞ்சின்களில் தனி ரிலே, தனி ஃப்யூஸ் இருக்கும். எஞ்சின் மாற்றும்போது அதை இக்னிஷன் வயரிலிருந்தே இழுத்துவிடுவார்கள், பழைய இக்னிஷன் சுவிட்சின் தேய்ந்த கான்டாக்ட் வழியாக. பி2118 போல மோட்டார் கரண்ட் பற்றிய கோட் வந்தால் அந்தப் பக்கம் போங்கள். ஃப்யூஸ் முனையில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைத் தொங்கவிட்டு எரியவிட்டால் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும், அப்போது பேட்டரி பாசிட்டிவுக்கும் அந்த முனைக்கும் நடுவில் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் வயரோ சுவிட்சோ சரியில்லை. இந்தப் பல்பை சென்சார் வயரிலோ 5 வோல்ட் வயரிலோ வைத்துவிடாதீர்கள், ஈசியூ போய்விடும்.

முதல் கியரில் இழுக்கும்போது மட்டும் வந்து, ஃபேனோடு சம்பந்தமில்லை என்றால் எஞ்சின் ஆட்டத்தைப் பாருங்கள். கையால் செய்த மவுண்டில் எஞ்சின் தாராளமாக முறுக்கிக்கொள்ளும், நீளம் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும் த்ராட்டில் வயர் அப்போது இழுபடும். சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, முன்னும் பின்னும் ஆள் இல்லாமல், முதல் கியரிலும் ரிவர்ஸிலும் க்ளட்சை லேசாகத் தொட்டால் ஆட்டம் தெரிந்துவிடும். பானெட்டைத் திறந்து வைத்து பக்கவாட்டிலிருந்து இன்னொருவர் பார்க்கட்டும். வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றி மாட்டினால் கொஞ்ச நாள் நன்றாக ஓடுகிறது என்றால் பின் தேய்மானம். அதிர்வில் பின்னுக்கும் துளைக்கும் நடுவில் கறுப்புப் பொடி படியும், கழற்றி மாட்டும்போது அது துடைபட்டுவிடும், புது சாமான் போட்டதால் சரியாயிற்று என்று தோன்றும். மல்டிமீட்டரின் தடித்த முனையைக் கப்ளர் துளைக்குள் குத்தினால் துளை அகன்று நிரந்தரக் கோளாறாகும், பின்பக்கமாகக் குண்டூசி விட்டு அளப்பதுதான் முறை.

பிரேக் சுவிட்ச் பலரும் மறப்பது. நிறைய ஈசியூக்கள் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒன்றாக மிதிபட்டால் த்ராட்டிலை அடக்கும். பழைய ஜிப்சி பிரேக் சுவிட்சில் ஒரே ஒரு கான்டாக்ட், புது ஈசியூ திறந்த நிலையில் ஒன்றும் மூடிய நிலையில் ஒன்றுமாக இரண்டு எதிர்பார்க்கும். பி0504 வந்தால் இதுதான். ஆல்டர்னேட்டரையும் ஒரு பார்வை பாருங்கள்: எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசியில் வைத்து பேட்டரியில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், அரை வோல்ட்டை நெருங்கினால் டையோடு போயிருக்கிறது.

த்ராட்டிலைச் சுத்தம் செய்வதென்றால் சாவி போட்ட நிலையில் தட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். செய்த பிறகு ஸ்கேனரில் ஐடில் லேர்னிங் கொடுக்காவிட்டால் ஐடில் ஏறி இறங்கும், அதை வேறு கோளாறு என்று நினைத்து அலைவீர்கள்.

எஞ்சின் நம்பர் மாறினால் ஆர்சியில் ஏற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அது. வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஆர்டிஓவில் கேட்டுவிடுங்கள், குமுளி செக்போஸ்டில் பானெட்டைத் திறக்கச் சொன்ன பிறகு கேட்பது தாமதம். என் வண்டியில் இன்னும் தீராதது வேக சிக்னல். பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளிலிருந்து ஈசியூவுக்கு எதுவும் போவதில்லை, பி0500 நிற்கிறது, இறக்கத்தில் க்ளட்சை மிதித்து நிறுத்தும்போது ஐடில் சரிந்து சில நேரம் அணைகிறது. முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கேபிள் முனையில் மாட்டும் பல்ஸ் சென்சார் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை பல்ஸ் வேண்டும் என்பது ஈசியூவைப் பொறுத்தது, வாங்குவதற்கு முன் அதைப் பின்அவுட்டோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.